வெளிப்பூட்டு ஈ-டைப்: எண்கள் பொருந்தினால் போதுமா?

இங்கிலாந்தில் ஒரு பழைய கார் கண்காட்சியில் 1961ஆம் வருட ஜாகுவார் ஈ-டைப் ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். வலப்பக்க ஸ்டீயரிங், பானட்டின் இரு பக்கமும் வெளியே தெரியும் பூட்டுத் துளைகள். "முதல் 500ல் ஒன்று, மேட்சிங் நம்பர்ஸ் (சேசிஸ், இன்ஜின் எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துபவை), சான்றிதழும் இருக்கிறது" என்று விற்பவர் சொல்கிறார். நான்கு படங்களைப் போட்டு, இது அசல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காரில் உள்ள எண்கள் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பது ஒன்று. அந்த எண்கள் 1961லேயே இந்த உலோகத்தில் அடிக்கப்பட்டவையா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் விடை கிடைக்கும். வாங்குபவரின் பணம் போவது இரண்டாவதில்தான்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஈ-டைப் அறிமுகமானபோது அதில் இருந்தது 3.8 லிட்டர் எக்ஸ்கே இன்ஜின். சேசிஸ் எண் நான்கு வரிசையாகப் பிரிந்தது: வலப்பக்க ஸ்டீயரிங் ரோட்ஸ்டர் (திறந்த கூரைக் கார்) 850001 முதல், வலப்பக்கக் கூப்பே (மூடிய கூரைக் கார்) 860001 முதல், இடப்பக்க ரோட்ஸ்டர் 875001 முதல், இடப்பக்கக் கூப்பே 885001 முதல். ஆரம்பக் கார்களில் பானட்டைத் திறக்க டி வடிவச் சாவி ஒன்றைப் பக்கவாட்டுத் துளையில் விட்டுத் திருக வேண்டும். பிறகு இந்தப் பூட்டு காருக்குள் கைப்பிடியாக மாறியது. இந்த மாற்றம் தொடங்கிய சேசிஸ் எண்கள் 850092, 860005, 875386, 885021. அதாவது வெளிப்பூட்டுக் கார்கள் 91, 4, 385, 20 என்று மொத்தம் 500. நீங்கள் பார்த்தது நிஜமாகவே வலப்பக்க வெளிப்பூட்டு ரோட்ஸ்டர் என்றால் அந்த 91க்குள் ஒன்றாக இருக்க வேண்டும். அவற்றில் பல, டீலர்களின் காட்சிக் கார்களாகவும் பந்தயக்காரர்களின் கைக்கும் போனவை. அதனால்தான் விலையும் அதிகம், போலிக்கான ஆசையும் அதிகம். எல்லைக்கு மிக அருகில் உள்ள எண்களைப் பற்றி மட்டும் அடித்துப் பேச வேண்டாம். கார்கள் எண் வரிசைப்படியே கட்டி முடிக்கப்படவில்லை.

அடுத்ததுதான் ஈ-டைப்பில் எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம். இந்தக் காருக்கு ஏணி மாதிரியான தனிச் சேசிஸ் கிடையாது. பயணிகள் உட்காரும் பகுதி எஃகுத் தகட்டால் ஆன ஒரே கூடு. அதன் முன்சுவரில் சதுரக் குழாய்களால் ஆன இரண்டு பக்கச் சட்டங்கள் போல்ட்டால் மாட்டப்பட்டிருக்கும். அவற்றின் முனையில் படச்சட்டம் போன்ற ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். அதுவும் போல்ட்தான். சேசிஸ் எண் அடிக்கப்பட்டிருப்பது இந்தக் குறுக்குச் சட்டத்தின் வலப்பக்க மேல்பகுதியில், டேம்பர் (அதிர்வு தாங்கி) மாட்டும் இடத்துக்கு மேலே. காரின் அடையாளமே ஸ்பேனரால் கழற்றக்கூடிய ஓர் உதிரியில் இருக்கிறது. குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும், பேட்டரி அமிலம் சொட்டி அரிக்கும், முன்பக்கம் மோதினால் வளையும். அப்போது சட்டத்தை மாற்றுவது நியாயமான பழுதுபார்ப்பு. உதிரியாக வந்த புதுச் சட்டத்தில் எண் இருக்காது. ஆகவே இரண்டு விஷயங்கள் நடந்திருக்கலாம். நல்ல காரில் எண் இல்லாத சட்டமோ, பட்டறையில் அடித்த எண்ணோ இருக்கலாம். அழிந்துபோன அசல் காரின் சட்டம் மட்டும் தப்பி, வேறொரு கூட்டின் முன்னால் ஏறியிருக்கலாம். இரண்டாவதுதான் ஆபத்து. படத்தில் எண் தெளிவாகத் தெரிகிறது என்பது இந்தக் காரில் அவ்வளவு பெரிய சாட்சி இல்லை.

சட்டத்தைப் பார்க்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பிப் பிரஷும் உப்புத்தாளும் கூடாது, அவை சாட்சியையே அழித்துவிடும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் உலோகத்தை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். அப்போதுதான் தேய்த்த பள்ளமும் நிரப்பிய இடமும் நிழலாகத் தெரியும். எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து 4பி பென்சிலால் உரசி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கையால் அடித்த அசல் எண்கள் லேசாகச் சாய்ந்தும் ஆழம் மாறியும் இருப்பது வழக்கம். ரூலர் வைத்தது போல நேராக, ஒரே ஆழத்தில் இருந்தால் நான் சந்தேகப்படுவேன், தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதே மாதம் கட்டப்பட்ட, வரலாறு உறுதியான இன்னொரு காரின் எண் படத்தோடு எழுத்துருவை ஒப்பிட்ட பிறகே பேச வேண்டும். 3, 6, 9 ஆகியவற்றின் வளைவுகளில்தான் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

இன்ஜினில் எண் இரண்டு இடங்களில் இருக்கும். சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதியான பிளாக்கின் வலப்பக்கத்தில் ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒன்று, அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியில் இன்னொன்று. 3.8 ஈ-டைப்பின் எண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும், கடைசியில் கோடிட்டு 9 அல்லது 8 வரும். அது 9:1, 8:1 என்ற கம்ப்ரெஷன் விகிதம். 'எல்' வரிசையில் தொடங்கினால் ஜாகுவாரின் இன்னொரு மாடலான மார்க் 2 காரின் இன்ஜின், 'இசட்' வரிசை என்றால் அதன் பெரிய காரான மார்க் டென்னின் இன்ஜின். மார்க் டென்னிலும் மூன்று கார்புரேட்டர் இருந்ததால் அதை ஈ-டைப்பில் இறக்குவது சுலபம், நிறையவே நடந்திருக்கிறது. 3.8 பிளாக்குகள் சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் விடும் இயல்புள்ளவை. ஆகவே அறுபது வருடத்தில் பிளாக் மாறியிருப்பது குற்றமில்லை. மாறியதை மறைத்து எண்ணைத் திருப்பி அடிப்பதுதான் குற்றம். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பிளாக்கில் எண் இருக்கும் மேடையைச் சுற்றி வார்ப்பின் சொரசொரப்பு எப்படி இருக்கிறது, எண் இருக்கும் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கிரைண்டரின் இணைகோடுகள் பெயிண்டுக்கு அடியிலும் விரல் நகத்துக்குத் தட்டுப்படும். பிளாக்கைத் திருப்பி அடிப்பவர்கள் பலர் ஹெட்டை மறந்துவிடுவார்கள். ஹெட்டிலும் அடித்திருந்தால், அலுமினியம் மென்மை என்பதால் தேய்த்த இடம் சற்றுக் குழிந்து நிற்கும். பிளாக், ஹெட் இரண்டும் ஒத்துப்போய், இரண்டின் எழுத்தும் ஒரே கையில் அடித்தது போல, ஒரே அளவு பழசாக இருந்தால், அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

கியர்பாக்ஸ் எண் உறையின் இடது பின்மூலையிலும் மேல்மூடியிலும் இருக்கும். கார் தரையில் நிற்கும்போது பார்க்க முடியாது. லிஃப்டில் ஏற்றிக் கண்ணாடி பிடிக்க வேண்டும், இல்லை உள்ளே நடு டனலின் மூடியைக் கழற்ற வேண்டும். இதைப் பார்க்க விற்பவர் அனுமதிக்க மாட்டேன் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடி எண், முன்சுவரின் வலப்பக்கத்தில் சிறு தகடாக இருக்கும். 3.8 ரோட்ஸ்டருக்கு 'ஆர்', கூப்பேவுக்கு 'வி'. இன்ஜின் எண்ணும் 'ஆர்' என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பொறித்த அலுமினியத் தகடு இன்ஜின் அறையில் இருக்கும். அந்தத் தகடு புதிதாகவே விலைக்குக் கிடைக்கிறது, வெறுமையாக. அதை நான் சாட்சிப் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன்.

இப்போது சான்றிதழ். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துக் கொடுப்பது அது. சேசிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள், வெளி நிறம், உள் தோல் நிறம், கட்டிய தேதி, அனுப்பிய தேதி, எந்த விநியோகஸ்தருக்குப் போனது என்பவை அதில் வரும். சில கார்களுக்கு முதல் உரிமையாளர் பெயரும் இருக்கும். ஹென்லிஸ் என்றால் இங்கிலாந்து, எமில் ஃப்ரே என்றால் சுவிட்சர்லாந்து, பிரைசன்ஸ் என்றால் ஆஸ்திரேலியா. காரின் முதல் பயணத்தை இந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். ஆனால் அந்தக் காகிதம் பேசுவது 1961ல் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய காரைப் பற்றி. இன்று உங்கள் முன்னால் நிற்கும் காரை யாரும் வந்து சோதித்து அதை எழுதவில்லை. போலி செய்பவரும் முதலில் தேடுவது இதைத்தான், எந்த எண்ணை அடிக்க வேண்டும் என்று அது சொல்லித் தருகிறது. ஆகவே சான்றிதழ் வழங்கிய தேதியைப் பாருங்கள். இன்ஜின் எண் தெரியும் பழைய படமோ, பட்டறை ரசீதோ, லாக்புக்கோ (பழைய பதிவுப் புத்தகம்) சான்றிதழுக்கு முந்தைய தேதியில் இருந்தால் அதன் எடை பத்து மடங்கு.

எண்களை விட்டுவிட்டு உடலைப் படியுங்கள், அது பொய் சொல்லச் சிரமப்படும். வெளிப்பூட்டு பானட்டைப் புதிதாகவே வாங்கி மாட்டலாம். ஆனால் உள்பூட்டுக் காராகப் பிறந்த கூட்டில், டேஷ்போர்டுக்குக் கீழே இரு ஓரங்களிலும் கதவுக்கு முன்னால் பூட்டுக் கைப்பிடி வந்த துளைகள் இருக்கும். கம்பளத்தையும் பக்கத் தட்டியையும் விலக்கி அந்த இடத்தைப் பாருங்கள். வட்டமாக வெல்டிங் செய்து அடைத்த தடம் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அடுத்து தரை. ஆரம்பக் கார்களின் தரை தட்டையானது. 1962ல்தான் குதிகால் இறங்கும் பள்ளம் வந்தது. வெளிப்பூட்டுக் காரில் பள்ளம் இருந்தால், துரு பிடித்த தரைக்குப் பதிலாகப் பிந்தைய தகட்டை வைத்துவிட்டார்களா, இல்லை கூடே பிந்தையதா என்று கேட்க வேண்டும். தட்டைத் தரைத் தகடும் புதிதாகக் கிடைக்கிறது, ஆக தரை தட்டையாக இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. பானட்டின் காற்றுச் சன்னல்கள் ஆரம்பத்தில் தனித் தகடாகச் செய்து பற்றவைக்கப்பட்டவை, பிறகு பானட்டிலேயே அச்சடித்து வந்தன. பானட்டைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தால் தகட்டின் ஓரம் தெரியும். பட்டி போட்டு மெழுகியிருந்தால் தெரியாது. அதற்கு ஃபிரிட்ஜில் ஒட்டும் மெல்லிய காந்தம் போதும். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அது வழுக்கி விழும்.

நிறத்தைச் சான்றிதழோடு ஒப்பிட, வெளியே பார்க்க வேண்டாம். டேஷ்போர்டுக்குப் பின்பக்கம், கதவின் உட்தட்டிக்கு அடியில், கதவுக் கீல் இருக்கும் குழி ஆகிய இடங்களில் பழைய பெயிண்ட் பெரும்பாலும் தப்பியிருக்கும். சிவப்புக் காரின் கீல் குழியில் சாம்பல் நிற உலோகப் பூச்சு எட்டிப் பார்த்தால், சான்றிதழில் 'ஒபலசென்ட் கன்மெட்டல்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பொருந்தாத நிறம்தான் இந்தக் கூடும் அந்தக் காகிதமும் ஒன்று என்பதற்கு உங்கள் கையில் கிடைத்த முதல் நல்ல சாட்சி.

தேதி முத்திரைகள் துணைச் சாட்சிகள். லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்டிரிபியூட்டர், வைப்பர் மோட்டார் ஆகியவற்றில் மாதமும் வருடமும் அடிக்கப்பட்டிருக்கும், '5 61' என்பது போல. அவை கார் கட்டிய தேதிக்குச் சில வாரம் அல்லது சில மாதம் முந்தியதாக இருந்தால் இயல்பு, பிந்தியதாக இருந்தால் மாற்றப்பட்டது. டிரிப்ளெக்ஸ் கண்ணாடியில் இன்னும் அழகான ஒரு குறி இருக்கிறது. 'டஃபண்ட்' என்று ஆங்கிலத்தில் பொறித்த ஒன்பது எழுத்துச் சொல்லில், எந்த எழுத்துக்குக் கீழே புள்ளி இருக்கிறதோ அது வருடத்தின் கடைசி இலக்கம். முதல் எழுத்தான 'டி'க்குக் கீழே புள்ளி என்றால் 1ல் முடியும் வருடம். அது 1961ஆ 1971ஆ என்பதை மற்றவற்றோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். முன்கண்ணாடி உடைவது சகஜம், கதவுக் கண்ணாடிகளைப் பாருங்கள். ஆனால் ஒன்று: தேதி முத்திரை உள்ள பழைய உதிரிகளைத் தேடி வாங்கி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனவே இவை ஒத்துப்போனால் கூடுதல் பலம், அவ்வளவுதான்.

காகிதத் தடத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் 1963க்கு முந்தைய பதிவு எண்ணில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இல்லை, ஆனால் ஊரைக் குறிக்கும் எழுத்து உண்டு. அறிமுகத்துக்காக ஜெனீவாவுக்கு ஓட்டிச் சென்ற இரண்டு கார்களின் எண்கள் 9600 ஹெச்.பி., 77 ஆர்.டபிள்யூ. இரண்டும் ஜாகுவாரின் ஊரான கோவென்ட்ரியின் எழுத்துகள். டி.யூ., கே.வி., வி.சி., டபிள்யூ.கே. ஆகியவையும் அந்த ஊர்தான். ஆரம்ப ஈ-டைப் கோவென்ட்ரி எண்ணோடு இருந்தால் தொழிற்சாலையோடு நேரடித் தொடர்பு இருந்திருக்கலாம், தேடிப் பார்க்கத் தகுந்த துப்பு அது. பழைய பதிவேடுகளை மாவட்ட நிர்வாகங்கள் வைத்திருந்தன. 1970களில் எல்லாம் ஸ்வான்சீயில் உள்ள மத்திய வாகனப் பதிவு அலுவலகத்துக்கு மாறியபோது பல அழிந்தன, பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் தப்பின. டிராய்ட்விச்சில் உள்ள கிட்ஹெட் டிரஸ்டும் இப்படித் தப்பிய பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. 1983 முடிவுக்குள் ஸ்வான்சீ கணினியில் ஏறாத எண்கள் செல்லாமல் போயின. நெடுநாள் கொட்டகையில் கிடந்த கார்கள் அதனால்தான் எண் இழந்து நிற்கும். 'கியூ' எழுத்தில் தொடங்கும் எண் இருந்தால், வயதோ அடையாளமோ நிரூபிக்கப்படவில்லை என்று அரசே சொல்கிறது. பிரிட்டனில் எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையின் முடிவுகள் 2005 வாக்கிலிருந்து கணினியில் இருக்கின்றன. பதிவு எண்ணைப் போட்டால் ஓடிய தூரமும் குறைகளும் வருடவாரியாக வரும். 2018 முதல் 40 வருடம் தாண்டிய பெரும்பாலான கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை, ஆகவே அதற்குப் பிறகு வெறுமை இருந்தால் பதற வேண்டாம்.

கார் அமெரிக்கா போய் வந்தது என்றால் வேலை கடினம். அங்கே 17 இலக்க அடையாள எண் 1981ல்தான் வந்தது. பணம் கட்டிப் பார்க்கும் வாகன வரலாற்றுச் சேவைகள் அதற்கு முந்தைய காருக்கு உதவாது. உரிமைப் பத்திரத்தில் உள்ள ஆண்டு பல நேரங்களில் விற்ற ஆண்டாக இருக்கும், கட்டிய ஆண்டாக இருக்காது. பழைய உரிமையாளர் பெயரை மாநில அலுவலகத்தில் கேட்டால் 1994ன் தனியுரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். அங்கே பலன் தருவது பட்டறை ரசீதுகளும் கிளப் பதிவேடுகளும் பழைய குடும்பப் படங்களும்தான்.

பழைய படத்தில் உள்ள பதிவு எண்ணை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். பிரிட்டனில் எண்ணைக் காரிலிருந்து பிரித்து இன்னொரு காருக்கு மாற்றலாம். 1961 ஏப்ரலில் ஓல்டன் பார்க்கில் ஈ-டைப்பின் முதல் பந்தயத்தில் கிரஹாம் ஹில் ஜெயித்தது ஈ.சி.டி. 400 காரில். மூன்றாவதாக வந்த ராய் சால்வடோரி ஓட்டியது கூம்ஸ் நிறுவனத்தின் பி.யூ.ஒய். 1. அதே கூம்ஸ் தன் ஜாகுவார்களில் இப்படிப்பட்ட எண்களைக் காருக்குக் கார் மாற்றிப் போட்டது. எண்ணோடு சேர்த்து, அந்தப் படத்தில் உள்ள கண்ணாடி, விளக்கு, பள்ளம், துளை ஆகியவற்றை இன்றைய காரில் தேட வேண்டும். பந்தயத்துக்காகப் பாதுகாப்புக் கம்பிச் சட்டம் மாட்டப் போட்ட துளைகள் அடைக்கப்பட்டிருந்தாலும் தடம் விடும்.

இனி யாராலும் முழுதாகத் தீர்க்க முடியாத பகுதி. ஒரு காரின் சட்டமும் தகடும் ஒருவரிடம், கூடு இன்னொருவரிடம் போய், இரண்டு பேரும் அதே எண்ணைச் சொன்னால் எது அசல்? லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு 1990ல் இப்படி ஒரு சிக்கல் வந்தது. 1929, 1930 லெ மான் பந்தயங்களை ஜெயித்த பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்'னுக்கு ஒரு கோடி பவுண்டு விலை பேசிய நிறுவனம், இதில் பழைய பாகங்கள் மிகக் குறைவு என்று பின்வாங்கியது. கார் 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் வரலாறு எங்கும் அறுபடாமல் தொடர்ந்து வந்ததால் இதுவே அந்தக் கார் என்று நீதிபதி தீர்த்தார். ஈ-டைப்பிலேயே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 1963-64ல் கட்டிய 12 அலுமினிய 'லைட்வெயிட்' கார்களில் ஒன்றான 4868 டபிள்யூ.கே.யைச் சொல்லலாம். ஜெர்மன் பந்தய ஓட்டுநர் பீட்டர் லிண்ட்னர் 1964ல் பிரான்சின் மோன்ட்லேரியில் விபத்துக்குள்ளாகி இறந்த கார் அது. சிதைந்த அலுமினியக் கூட்டையே பொறுமையாக மீட்டு, இங்கிலாந்தின் பிரிட்ஜ்நார்த்தில் 2011ல் திரும்பக் கட்டினார்கள். புதுத் தகட்டில் செய்வது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஆனால் கூடுதான் கார் என்பதே அவர்களின் முடிவு, என் முடிவும் அதுதான். சட்டத்தை வைத்திருப்பவர் வேறு மாதிரி வாதிடுவார். அந்த வாதம் முழுக்கப் பொய்யும் இல்லை.

உங்கள் நான்கு படங்களைப் பற்றி: பானட்டின் பூட்டுத் துளைகள் சரியான இடத்தில் இருக்கின்றன, சேசிஸ் எண் 850 வரிசை, தகடு புதிது போலத் தெரிகிறது. இதற்கு மேல் படத்தை வைத்து அசல் என்றோ போலி என்றோ சொன்னால் அது ஜோசியம். விற்பவரிடம் இந்த ஏழு விஷயங்களையும் கேளுங்கள்: குறுக்குச் சட்ட எண்ணைச் சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படம், பிளாக் எண், ஹெட் எண், பாடித் தகடு, டேஷ்போர்டுக்குக் கீழே இரு ஓரங்களும் தட்டி விலக்கி எடுத்த படங்கள், தரையின் அடிப்பக்கம், சான்றிதழின் முழுப்பக்கம். கூடவே பழைய சட்டத்தை மாற்றியிருந்தால் கழற்றிய பகுதி எங்கே என்று கேளுங்கள். நேர்மையாகப் பழுதுபார்த்தவர்கள் எண் உள்ள அந்தத் துண்டைத் தூக்கிப் போட மாட்டார்கள், காரோடு ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். படங்கள் வந்ததும் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்து இங்கே போடுங்கள். முழு எண்ணைப் பொதுவில் போட்டால் அதை வைத்தே இன்னொரு தகடு அடிக்க ஆள் இருக்கிறது.